பெட்டியில் மூலம், ஊரெங்கும் நகல்

ஜனவரி பிறந்தால் கல்லூரிகளில் பொங்கல் விழாவுக்கு அடுத்தபடியாகச் சாலைப் பாதுகாப்பு விழா வந்துவிடுகிறது. இவ்வாண்டும் வந்தது. நாம் பணிபுரியும் கல்லூரியின் கலையரங்கில் மாணவர்களை நெருக்கி அமர்த்தி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தலைக்கவசம் குறித்துச் சொன்னவற்றில் நமக்கு மாறுபாடில்லை. அது உயிர் குறித்த பேச்சு. ஆனால் சிறப்புரையின் இறுதிப் பகுதியில் பேச்சாளர் குரலை உயர்த்தினார். "ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, இவையெல்லாம் உங்கள் உயிர். பெற்ற தாயைக் காப்பதுபோல் காக்க வேண்டும். தொலைத்துவிட்டு வந்து எங்கள் முன் நிற்பவன் பொறுப்பற்றவன். பொறுப்பற்றவனுக்கு இந்தச் சமூகம் எதுவும் செய்ய இயலாது" என்றார். மாணவர்கள் கை தட்டினார்கள். அன்றைய நன்றியுரை நம் தலையில் விழுந்திருந்தது. தமிழாசிரியர்களுக்குக் கல்லூரி விழாக்களில் வழங்கப்பெறும் நிரந்தர இடம் அது. எழுந்தோம், பொன்னாடையைப் புகழ்ந்தோம், தேநீருக்கு அழைத்தோம், அமர்ந்தோம். நன்றியுரையில் சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறோம்.

அந்த அன்பரோடு நமக்குப் பகை ஏதுமில்லை. அவர் சொன்னது அவருடைய கருத்துமன்று. நம் பொதுப்புத்தியில் நெடுங்காலமாகப் படிந்து கிடப்பதைத்தான் அவர் ஒலிபெருக்கியில் சொன்னார். 'பொறுப்பற்றவன்' என்ற ஒற்றைச் சொல்லோடுதான் நம் வழக்கு. ஓர் அட்டை தொலைந்தாலும் சரி, அதைக் கொண்டு எவனோ ஒருவன் ஏமாற்றினாலும் சரி, குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுகிறவன் அட்டைக்கு உரியவன்தான். 'எங்கே வைத்திருந்தாய்?' என்பதே நம் நாட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே.

நல்லது, அந்தக் கேள்விக்கே முதலில் விடை சொல்வோம். தமிழர்கள் எங்கேதான் வைத்திருக்கிறார்கள்?

நம் பாட்டி காலத்தில் பத்திரமும் பட்டாவும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. சாவி பாட்டியின் இடுப்பில் இருந்தது. குடும்ப அட்டை மட்டும் சமையலறை அலமாரியில், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். அது அடிக்கடி வெளியே போய்வர வேண்டிய ஆள் அல்லவா? 2017-இல் திறன் அட்டை வரும்வரை அந்தப் பழைய அட்டையில் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டி, அது ஒரு சிற்றிதழின் தடிமனை எட்டியிருந்தது. பிறகு பீரோ வந்தது. பெட்டியிலிருந்தவை பீரோவின் உள்ளறைக்குக் குடிபெயர்ந்தன. இன்று ஓட்டுநர் உரிமம் எங்கேயிருக்கிறது என்று பாருங்கள். லாரி ஓட்டுநரின் சட்டைப் பையில், வியர்வை படாதிருக்கப் பாலிதீன் சுற்றப்பட்டு. ஆட்டோக்காரரின் கண்ணாடிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பின்னால். மாணவர்களின் கைப்பேசி உறைக்குள், பத்து ரூபாய்த் தாளோடு. ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சட்டையில் பை கிடையாது என்பதால், இருக்கைக்கடியில் மழைக்கோட்டோடும் பழைய துணியோடும். வண்டியின் பதிவுச் சான்றும் அங்கேயேதான் கிடக்கும். வண்டி களவு போனால் வண்டி யாருடையது என்பதற்கான சான்றையும் திருடனுக்கே சேர்த்துக் கொடுத்தனுப்புகிற ஏற்பாடு இது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இவற்றில் எது பாதுகாப்பான இடம்? 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறும் கூவமும் கரையேறியபோது, மிகுந்த பொறுப்போடு பீரோவின் அடித்தட்டில் பூட்டி வைத்திருந்தவர்களுடைய ஆவணங்கள்தாம் கூழாயின. தரைத்தள வீட்டில் அடித்தட்டு என்பது வெள்ளத்தின் முதல் தட்டு. அன்று அரசு சிறப்பு முகாம்கள் அமைத்துக் கட்டணமின்றி நகல் ஆவணங்களை வழங்கியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டிவிட்டு ஒன்றைக் கவனிக்கவும் வேண்டும்: அந்த முகாம்களில் எவரையும் 'எங்கே வைத்திருந்தாய்?' என்று கேட்கவில்லை. ஏனென்றால் வெள்ளம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பேருந்து நெரிசலில் பிளேடு போட்டு எடுக்கப்பட்ட பணப்பையை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே மனிதன் பொறுப்பற்றவனாகி விடுகிறான்.

'வீட்டில் பத்திரமாக வை' என்று சொல்லும் அதே வாய்தான் 'எப்போதும் உடன் வை' என்றும் சொல்கிறது. 2017 செப்டம்பர் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாகனம் ஓட்டுவோர் மூல உரிமத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று தமிழகத்தில் ஆணை வந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அதுவரை ஜெராக்ஸ் படியோடு ஓட்டிக்கொண்டிருந்த ஊர் முழுதும் ஒரே வாரத்தில் பீரோவைத் திறந்து மூலத்தைச் சட்டைப் பைக்கு மாற்றியது. மழையில் நனைந்து, வழியில் விழுந்து, பணப்பையோடு களவு போய், அந்த ஆணை எத்தனை உரிமங்களைத் தின்றிருக்கும் என்பதற்குக் கணக்கு இல்லை.

சட்டம் அத்தனை கடுமையாக இருந்ததா என்றால், இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, சீருடையிலுள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது, உண்மை. ஆனால் நடுவண் மோட்டார் வாகன விதிகளில் 139-ஆம் விதி என்று ஒன்று இருந்தது. ஆவணம் கையில் இல்லையென்றால் சான்றொப்பமிட்ட படியைக் காட்டலாம், அல்லது பதினைந்து நாட்களுக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கலாம் என்று அது இடம் தந்தது. பதிவுத் தபால் காலத்து நாகரிகம் அது. வழியில் நிறுத்தப்பட்டவனும் ஒரு வீடும் முகவரியும் உள்ள மனிதன் என்று நம்பிய நாகரிகம். 2018 நவம்பரில் அவ்விதியைத் திருத்தி, மின்வடிவில் காட்டினாலும் செல்லும் என்றாக்கினார்கள். அதற்கு முன்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில், டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டப்படும் உரிமத்தை மூலத்துக்கு நிகராக ஏற்க வேண்டும் என்று நடுவண் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. நம் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் உரிமத்தை நிழற்படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். அது செல்லாது, அச்செயலிகளின் வழியே அரசின் பதிவேட்டிலிருந்து இறங்கிவரும் ஆவணமே செல்லும்.

உரிமமே இல்லாமல் ஓட்டுவதும் உரிமம் இருந்து கையில் இல்லாததும் வேறுவேறு குற்றங்கள் என்பதும் தெரியாது. முன்னதற்கு 181-ஆம் பிரிவின் கீழ், 2019 திருத்தத்துக்குப் பின், ஐயாயிரம் ரூபாய் தண்டம். பின்னது அத்தகையதன்று. உரிமத்தைக் காவலர் கைப்பற்றினால் ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும், உரிமம் திரும்பி வரும்வரை அல்லது சீட்டில் குறித்த நாள்வரை அச்சீட்டை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டலாம் என்று 206-ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்றரை மணி நேரச் சிறப்புரையில் இவற்றுள் ஒன்றுகூட இடம்பெறவில்லை. தாயைக் காப்பது மட்டும் இடம்பெற்றது.

இங்கே ஒரு பழங்கதையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மறைமலையடிகள் தமிழில் பெயர்த்த காளிதாசனின் சாகுந்தலத்தைப் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். சகுந்தலை துஷ்யந்தன் தந்த கணையாழியை நீராடும்போது தொலைத்துவிடுகிறாள். அவைக்கு வருகிறாள். அரசன் அவளை அறியேன் என்கிறான். சான்று கேட்கிறான். விரலைப் பார்க்கிறாள், மோதிரம் இல்லை. நாடகத்தைப் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு முக்கியமான மோதிரத்தை அவள் ஏன் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை?" மணந்த பெண்ணை அரசன் ஏன் மறந்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. சாபம் என்று சொல்லி அவனை விட்டுவிடுகிறோம். நினைவை இழந்தவன் அவன். அவையில் நாணி நின்றவளோ மோதிரத்தை இழந்தவள்.

நம் அரசுக்கு மறதியும் கிடையாது, சாபமும் கிடையாது. ஒருவருக்கு உரிமம் வழங்கப்பட்டதா, எந்த வகை வாகனத்துக்கு, எந்நாள் வரை செல்லும் என்பதெல்லாம் 'சாரதி' என்னும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எண்ணைத் தட்டினால் திரையில் வரும். அட்டை வெறும் கணையாழி. நினைவு முழுதும் அரசனிடம் இருக்கிறது. இருந்தும் கணையாழியைத் தொலைத்தவள் கதறிக்கொண்டு வழிநெடுக நிற்கிறாள்.

அதே நாடகத்தில் இன்னொருவனும் உண்டு. மீன் வயிற்றில் மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவன். அவனைக் காவலர்கள் கட்டி இழுத்து வருகிறார்கள். திருடன் என்று அடிக்கிறார்கள். வழியில் கிடக்கும் பணப்பையைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க நாம் ஏன் தயங்குகிறோம் என்பதற்குக் காளிதாசனுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம் ஊரில் கண்டெடுத்தவர்கள் அட்டைகளைச் சத்தமில்லாமல் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டைகளைத் தபால் பெட்டியில் சேர்த்துவிடும் பிக்பாக்கெட்டுகளும் உண்டு. அந்தத் தொழிலில்கூட ஒரு தர்மம் இருந்தது என்று எழுதும்போது நகைப்பு வருகிறது. ஆனால் அடுத்து நாம் சொல்லப் போகிறவர்களிடம் அந்தத் தர்மமும் இல்லை.

நம் கல்லூரியில் அலுவலக உதவியாளராக இருக்கிறார் ஒருவர். ஐம்பதைக் கடந்தவர். பெயர் வேண்டாம்; அவர் பெயர் ஏற்கெனவே போதுமான இடங்களில் எழுதப்பட்டுவிட்டது. 2019-இல் ஒரு முற்பகல் துறைக்குத் தேநீர் கொண்டுவந்தவர், தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அய்யா, போலீஸ் ஸ்டேசன்ல இருந்து போன் வந்துச்சுங்க. என் பேர்ல ஒரு சிம் இருக்காம். அதுல இருந்து யாரையோ ஏமாத்திப் பணம் வாங்கிட்டாங்களாம். அந்த ஊருக்கே நான் போனதில்லைங்கய்யா."

வேறொரு மாவட்டம், ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம். நாமும் உடன் போனோம். மேசைமேல் ஒரு விண்ணப்பப் படிவத்தை வைத்தார்கள். எவனுடைய நிழற்படமோ ஒட்டப்பட்டிருந்தது. படிவத்தோடு பின்குத்தியிருந்தது இவருடைய ஓட்டுநர் உரிமத்தின் ஜெராக்ஸ் படி. கீழே இவருடைய கையெழுத்தும் இருந்தது. போலியன்று, மெய்யாகவே அவர் இட்டது. எங்கோ, எதற்கோ, என்றோ கையெழுத்திட்டுக் கொடுத்த படி. திரும்பி வரும் பேருந்தில் அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எரிவாயு இணைப்புக்கு ஒன்று. மொபெட் வாங்கக் கடன் கொடுத்த இடத்தில் இரண்டு. பழனிக்குப் போனபோது தங்கும் விடுதியில் ஒன்று. மகளின் பள்ளியில் ஒன்று. கைப்பேசிக் கடையில் ஒன்று, அது தெளிவாக விழவில்லை என்று இன்னொன்று. தெளிவாக விழாத அந்த முதல் படி என்ன ஆயிற்று என்று கேட்டோம். கடைக்காரர் கூடையில் போட்டதாக நினைவு என்றார். பதினொன்றாவது விரலுக்கு வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். இவர் குற்றவாளியல்லர் என்று அரை மணி நேரத்தில் உணர்ந்துகொண்டார். ஆயினும் எழுந்து வரும்போது அவரும் அந்தச் சொல்லைச் சொன்னார்: "கண்ட இடத்துல குடுத்தா இப்படித்தான் ஆகும். பொறுப்பா இருக்கணும்." இவர் தலையைக் குனிந்து "சரிங்கய்யா" என்றார். மேலும் இருமுறை போய்வர வேண்டியிருந்தது. விடுப்பும் போயிற்று, பேருந்துக் காசும் போயிற்று. ஓராண்டு வரை அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டார். அலுவலகத்தில் யாரையாவது எடுத்துப் பேசச் சொல்வார்.

இப்போது அந்த மூல உரிமம் எங்கேயிருந்தது என்று சொல்ல வேண்டும். டிரங்குப் பெட்டிக்குள், ஜவுளிக்கடை மஞ்சள் பையில், திருமண நிழற்படத்தோடு. ஆண்டுக்கொருமுறை ஆயுத பூசையன்று வெளியே எடுப்பார். மொபெட்டுக்குப் பொட்டு வைக்கும்போது உரிமத்தின் உறைக்கும் ஒரு பொட்டு வைத்து மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிடுவார். தாயைக் காப்பதுபோலத்தான் காத்தார். சட்டைப் பையில் படியை வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினார். அதற்காக 2017-இல் அவர் தண்டமும் கட்டியிருக்கிறார். பத்திரமாக வைத்ததற்கு ஒரு தண்டம், அதன் படியைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததற்கு இன்னொரு தண்டம். இவரையா பொறுப்பற்றவர் என்பது?

'எங்கே வைப்பது' என்ற அறிவுரை முழுதும் மூலத்தைப் பற்றியது. களவு போவதோ பெரும்பாலும் நகல். மூலம் தொலைந்தால் தொலைந்தது தெரியும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே காணாமற்போன ஆவண அறிக்கை பெற்றுக்கொண்டு மறுபடி வாங்கலாம். அலைச்சல்தான், அழிவன்று. நகல் தொலைவது யாருக்கும் தெரியாது. எத்தனை நகல்கள் உலவுகின்றன என்பது உரியவருக்கே தெரியாது. வடைக்கடையில் எண்ணெய் ஒற்றிய தாளில் யாரோ ஒருவருடைய முகமும் தந்தை பெயரும் பிறந்த நாளும் கண்டு திடுக்கிட்டவர்கள் நம்மில் இருக்கிறோம். திடுக்கிட்டு, வடையைத் தின்று, தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்தவர்கள்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுவோம். நாம் எங்கே வைக்கிறோம் என்பது கிடக்கட்டும். எங்களிடம் வாங்கியதை நீங்கள் எங்கே வைக்கிறீர்கள்? விடுதி வரவேற்பு மேசைக்குக் கீழுள்ள அட்டைப் பெட்டி எத்தனை ஆண்டுப் பெட்டி? அது நிறைந்ததும் எங்கே போகிறது? எடைக்குப் போடப்படுகிறதா, எரிக்கப்படுகிறதா? பெருநகர் அலுவலகங்களின் வாயிலில் உரிமத்தை வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டு கழுத்தில் மாட்ட ஓர் அட்டை தருகிறார்களே, அந்த ஒரு மணி நேரம் அவ்வுரிமத்துக்கு யார் பொறுப்பு? புதுச்சேரிக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் வாடகைக்கு இருசக்கர வண்டி எடுக்கிறார்கள். மூல உரிமத்தைப் பிணையாக வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகள் அங்கே உண்டு. உரிமம் இருப்பவனுக்கே வண்டி தருவோம் என்று சொல்லி, உரிமத்தைப் பறித்துக்கொண்டு, உரிமமில்லாமல் சாலைக்கு அனுப்புகிற வேடிக்கையை வேறெங்கும் காண்பது அரிது.

ஆதாரின் கதை இன்னும் விசித்திரமானது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு வட்டார அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எவரிடமும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். உரிமம் பெறாத விடுதிகளும் திரையரங்குகளும் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. பல ஆண்டுகளில் அரசுத் தரப்பிலிருந்து வந்த மிகத் தெளிவான சொற்கள் அவை. இரண்டே நாட்களில், மே 29 அன்று, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. தவறாகப் பொருள் கொள்ளப்படக்கூடும் என்று காரணம் சொன்னார்கள். வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிட்டுப் பதறிய ஒருவரின் குரல் அது. நகலைக் கொடுக்காதே என்ற சொல் பரவினால், நகலைக் கேட்காதே என்று அடுத்து சொல்ல வேண்டியிருக்கும். அந்த இரண்டாம் சொல்லைக் கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்களைவிட வலியவர்கள்.

நீதிமன்றம் சொல்லாமலில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர வழிசெய்த 57-ஆம் பிரிவின் பகுதி 2018 செப்டம்பரில் நீக்கப்பட்டது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் இவையெல்லாம் தில்லியில் நடந்தவை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் விடுதியின் வரவேற்பு மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒரு நல்ல மாற்றம் மட்டும் கண்கூடு: கைப்பேசி இணைப்புக்குக் காகித நகல் வாங்கும் முறை 2024 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன்னரே அது நடந்திருந்தால் நம் உதவியாளர் அந்தப் பேருந்துகளில் ஏறியிருக்க மாட்டார்.

'எல்லாவற்றையும் கைப்பேசியில் வைத்துக்கொள்' என்று இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நாமும் மேலே அதைச் சொன்னோம். ஆயினும் அதையே முழு விடையாக ஏற்க முடியவில்லை. நாள் முழுதும் உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞனின் கைப்பேசி மாலை ஐந்து மணிக்கு உயிர்விடுகிறது. ஆதாரோடு இணைத்த எண் எப்போதோ காலாவதியாகி, புது எண்ணை இணைக்க வரிசையில் நிற்க நேரமில்லாத கூலித் தொழிலாளிக்கு டிஜிலாக்கர் திறக்காது. எழுத்தறியாத மூதாட்டிக்கு அதைத் திறந்து தருபவன் பேரனாக இருந்தால் நல்லது. கணினி மையத்துக்காரனாக இருந்தால் கடவுச்சொல் அவனிடம் இருக்கும். பெட்டியின் சாவி பாட்டியின் இடுப்பில் இருந்த காலம் இதைவிட மோசமன்று.

நாம் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். சொல்கிறோம், பெரிய வித்தையில்லை. சட்டைப் பையில் ஓர் அட்டை மட்டும், அது ஓட்டுநர் உரிமம். கைப்பேசியில் டிஜிலாக்கரிலும் அது உண்டு. மற்றவை வீட்டில், நீர் ஏறாத உயரத்தில், நீர் புகாத உறையில். எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறோம். ஆதார் கேட்டால் மறைப்பு ஆதார். நகல் கொடுத்தே தீர வேண்டுமென்றால், முகத்தின் மீதே குறுக்காக இரண்டு கோடு கிழித்து, இன்ன இடத்தில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து. தெளிவாக விழாத படியைக் கேட்டு வாங்கி நாமே கிழிக்கிறோம். நம் பெயரில் எத்தனை கைப்பேசி எண்கள் உள்ளன என்று சஞ்சார் சாத்தி தளத்தில் ஆண்டுக்கு இருமுறை பார்க்கிறோம். ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம் என்பதால் மற்ற எட்டு யாரிடம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்காகச் சென்ற ஆண்டு வெளியூரில் தங்க நேர்ந்தது. விடுதியில் நகல் கேட்டார்கள். கோடு கிழித்து எழுதிக் கொடுத்தோம். வரவேற்பாளர் இளைஞர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இப்படி எழுதினா செல்லாது சார்" என்றார். எதற்குச் செல்லாது தம்பி என்று கேட்டோம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. செல்ல வேண்டிய வேறு இடம் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டோம். முறைத்தார். சாவியைக் கொடுத்தார்.

இத்தனையும் எழுதிவிட்டு நம் வீட்டுக் குப்பையை மறைப்பது அறமன்று. சான்றொப்பம் என்ற பெயரில் பச்சை மையில் ஆயிரக்கணக்கான நகல்களில் கையெழுத்திட்டவர்கள் நாமும் நம் துறையினரும்தான். மூலத்தைப் பாராமலே, மாணவன் முகத்தைப் பார்த்து இட்ட கையெழுத்துகள் அவற்றில் எத்தனையோ. மாணவர் சேர்க்கையின்போது ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பெற்றோர் அடையாள அட்டை நகல் என்று மும்மூன்று படிகள் கேட்கிறோம். ஏன் மூன்று? யாருக்கும் தெரியாது, முன்பிருந்தவர் மூன்று கேட்டார். நம் கல்லூரியின் பழைய நூலகக் கட்டடத்தின் பின்னறையில் பத்தாண்டுச் சேர்க்கைக் கட்டுகள் சணல் கயிற்றால் கட்டிக் கிடக்கின்றன. கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி பூட்டிலேயே தொங்கும். நம் அலுவலக உதவியாளர்தான் வாரம் ஒருமுறை அந்த அறையைப் பெருக்குகிறார்.

சாலைப் பாதுகாப்பு விழா முடிந்த மறுநாள், பயன்முடிந்த நகல்களை அழிக்க வேண்டும், இனி ஒரு படிக்கு மேல் கேட்கக் கூடாது, வாங்கியதற்கு ரசீது தர வேண்டும் என்று துறை ஆசிரியர்கள் நால்வர் கையெழுத்திட்டு முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். அலுவலகத்தில் எழுத்தர் வாங்கிப் படித்தார். படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதோட உங்க ஐ.டி. கார்டு ஜெராக்ஸ் வைக்கலையே சார்?" என்று கேட்டார்.

வைக்கவில்லை. விண்ணப்பம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.